துடுப்பு இயந்திரத்தின் கைப்பிடியைக் கொடுப்பதற்கு முன்: உடற்பயிற்சிக் கூடங்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உரிமையாளர்களுக்கும் பயிற்றுநர்களுக்கும் வணக்கம்.

சென்னையில் பதினெட்டு ஆண்டுகளாக முதுகுவலிக்காரர்களுக்குச் சிகிச்சை அளித்துவரும் இயன்முறைச் சிகிச்சையாளன் நான். பிசியோ என்று சொன்னால்தான் பலருக்கும் விளங்குகிறது. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் நாற்காலியால் முதுகைக் கெடுத்துக்கொண்டவர்கள், சிலர் இருசக்கர வண்டியால். அண்மைக்காலமாக, "ஜிம்மில் போட் இழுத்தேன், முதுகு பிடித்துக்கொண்டது" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். போட் என்று அவர்கள் சொல்வது உங்கள் கூடத்தின் மூலையில் நீளமாகக் கிடக்கும் துடுப்பு இயந்திரத்தைத்தான்; படகு வலிப்பதுபோல், ஓடும் இருக்கையில் உட்கார்ந்து, சங்கிலியில் கட்டிய கைப்பிடியை இழுக்கும் இயந்திரம். இவர்களின் எண்ணிக்கை பெரிதல்ல. ஆனால் அந்த இயந்திரத்தில் எப்படி உட்கார வேண்டும், எதை முதலில் அசைக்க வேண்டும் என்று யாராவது காட்டிக்கொடுத்தார்களா என்று நான் கேட்கும்போது, அநேகமாக எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: இதில் காட்டிக்கொடுக்க என்ன இருக்கிறது, இழுக்க வேண்டியதுதானே?

அந்த இயந்திரத்தை எடுத்துவிடுங்கள் என்று கேட்க நான் எழுதவில்லை. முதன்முறையாக அதில் உட்காருகிற ஒருவரிடம் கைப்பிடியைக் கொடுப்பதற்கு முன், அவருக்காகப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

சென்ற மாதம் ஒரு கூடத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன். எந்தக் கூடம் என்பது முக்கியமல்ல, எங்கும் நடப்பதுதான். காலை ஆறேகால் மணி. ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, சேர்ந்து மூன்றாம் நாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பயிற்றுநர் பணிவான இளைஞர்தான். "மேடம், இதுல பத்து நிமிஷம் வார்ம்-அப் பண்ணுங்க, ஃபுல் பாடிக்கும் நல்லது" என்று சொல்லி, விசிறிக்கூட்டின் பக்கவாட்டில் இருக்கும் நெம்புகோலை 10-இல் நிறுத்திவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போய்விட்டார். அந்த அம்மா முன்னால் வரும்போது முழங்கால் மார்பில் முட்டியது, முதுகு இறாலைப்போல் வளைந்தது. காலை உதைத்தவுடன் இருக்கை மட்டும் பின்னால் ஓடியது, கைப்பிடி இருந்த இடத்திலேயே நின்றது. மிச்ச வேலை முழுவதையும் அந்த வளைந்த முதுகு இழுத்து முடித்தது. திரும்பும்போது முழங்கால் முந்திக்கொண்டு மடிந்துவிட்டதால், கைப்பிடியை அதன் மேலாகத் தூக்கித் தாண்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு தாண்டலுக்கும் சங்கிலி கலகலத்தது. திரையில் நிமிடத்துக்கு 30 இழுப்பு என்று காட்டியது. நான்காம் நிமிடத்தில் நிறுத்திவிட்டு, இடுப்பில் கையை ஊன்றி எழுந்தவர், "நல்லா வேலை செய்யுது, முதுகுல தெரியுது" என்றார் என்னிடம். முதுகில் தெரிந்தால் நல்ல வேலை என்று அவருக்கு யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள்.

அந்த நான்கு நிமிடத்தில் அவருடைய கீழ்முதுகுக்குள் என்ன நடந்திருக்கும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். கீழ்முதுகில் ஐந்து முள்ளெலும்புகள் உள்ளன. அவற்றின் இடையிடையே, நாம் ஜவ்வு என்றும் டிஸ்க் என்றும் சொல்கிற இடைவட்டுகள் இருக்கின்றன. இடைவட்டின் நடுவில் நீர்ச்சத்து மிகுந்த கூழ். அதைச் சுற்றி வெங்காயத்தின் அடுக்குகளைப்போல ஒன்றன்மேல் ஒன்றாக நார்வளையங்கள். நாம் முதுகை வளைத்துக் குனியும்போது வட்டின் முன்பக்கம் நசுங்கி, பின்பக்க நார்கள் இழுபடுகின்றன, கூழ் பின்னோக்கித் தள்ளப்படுகிறது. இதில் பயப்பட ஒன்றுமில்லை. குனிந்து நிமிர்வதற்காகவே அமைந்தது முதுகு. குனியவே கூடாது என்று மிரட்டுகிற ஆளல்ல நான். ஆனால் வளைவின் கடைசி எல்லைவரை போய், அந்த எல்லையில் சுமையை ஏற்றி, அதையே நூற்றுக்கணக்கான முறை திருப்பிச் செய்வது வேறு கணக்கு. நிமிடத்துக்கு 24 இழுப்பு என்று வைத்துக்கொண்டாலும் 20 நிமிடத்தில் 480 முறை ஆகிறது. பயிற்சி பெற்ற துடுப்பாளர்களை எர்கோமீட்டரில் (இதே துடுப்பு இயந்திரத்தின் மறுபெயர்) உட்காரவைத்து அளந்த ஆய்வாளர்கள், ஓர் இழுப்பின் உச்சத்தில் கீழ்முதுகின் மீது விழும் அழுத்தம் உடல் எடையின் நாலரை மடங்கிலிருந்து ஏழு மடங்குவரை இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். நம் கூடங்களுக்கு வருகிறவர்கள் அந்த அளவு பலத்தோடு இழுப்பதில்லை என்பது உண்மை. அந்தத் துடுப்பாளர்களுக்கு இருக்கும் முதுகுத் தசை இவர்களுக்கு இல்லை என்பதும் உண்மை.

நேரமும் ஒரு விஷயம். இரவு முழுதும் படுத்திருக்கும்போது இடைவட்டு நீரை உறிஞ்சி உப்புகிறது. காலையில் எழும்போது நாம் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் உயரம் கூடியிருப்பது அதனால்தான். அப்படி உப்பியிருக்கும் வட்டு, குனியும்போது மாலையைவிட அதிகமாக விறைத்து இழுபடுகிறது. எழுந்து நடமாடத் தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்தில் இந்த உப்பலின் பெரும்பகுதி வடிந்துவிடும். படுக்கையிலிருந்து எழுந்து, வண்டியை எடுத்து, ஐந்தரை மணிக்கு உங்கள் வாசலில் நிற்கிறவருக்கு அது இன்னும் வடிந்திருக்காது. அவரை முதல் வேலையாகத் துடுப்பு இயந்திரத்தில் உட்காரவைப்பதுதான் நம்மூரில் வழக்கமாக இருக்கிறது. காலைக் குழுவினருக்கு நடையையோ நின்று செய்யும் பயிற்சிகளையோ முன்னால் வைத்து, துடுப்பைப் பின்னால் தள்ளுவது உங்களுக்குச் செலவில்லாத மாற்றம்.

மாலைக் குழுவினருக்கு வேறொரு சிக்கல். ஸ்வீடனைச் சேர்ந்த ஆல்ஃப் நாக்கெம்சன் என்ற எலும்பு மருத்துவர் 1960-களில் உயிருள்ள மனிதர்களின் இடைவட்டுக்குள் ஊசியைச் செலுத்தி உள்ளழுத்தத்தை அளந்தார். நிற்பதைவிட உட்கார்ந்திருக்கும்போதும், அதைவிட உட்கார்ந்து முன்னால் சாயும்போதும் அழுத்தம் கூடுவதைக் கண்டார். பின்னால் வந்த அளவீடுகளில் உட்காருவதற்கும் நிற்பதற்கும் இடையிலான வேறுபாடு அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. குனிந்து உட்காருவதைப் பற்றி மட்டும் கருத்து மாறவில்லை. ஒன்பது மணி நேரம் கணினிமுன் குனிந்து உட்கார்ந்திருந்துவிட்டு உங்களிடம் வருகிறவருக்கு, நீங்கள் மறுபடியும் ஓர் இருக்கையையே காட்டுகிறீர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இனிப் பத்து நிமிடத்தில் என்ன கற்றுக்கொடுக்கலாம் என்பது. முதல் நான்கு நிமிடம் இயந்திரத்தையே தொட வேண்டாம். அவரை நிற்கவைத்து, ஒரு கம்பை முதுகோடு ஒட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். பின்தலை, தோள்பட்டைகளின் நடு, இடுப்பின் கீழ் முனை என்று மூன்று இடங்களிலும் கம்பு தொட்டுக்கொண்டிருக்க, கை நிறையப் பாத்திரம் இருக்கும்போது பின்புறத்தால் கதவைத் தள்ளிச் சாத்துவோமே, அப்படி இடுப்பைப் பின்னே தள்ளிக் குனியச் சொல்லுங்கள். மடிப்பு தொடை இணையும் இடத்தில் விழ வேண்டும், இடுப்புப்பட்டை கட்டும் இடத்தில் அல்ல. வயலில் நாற்று நடுகிறவர்கள் குனிவதைப் பார்த்தவர்களுக்கு இந்த மடிப்பு உடனே புரியும். அவர்களுடைய முதுகு பலகைபோல் நீண்டிருக்கும், மடிவது தொடைமூட்டில். (அதனால் அவர்களுக்கு முதுகுவலியே வராது என்று சொல்ல மாட்டேன். நாள் முழுவதும் அதே நிலையில் நின்றால் எந்த முதுகும் நோகும்.) கம்பு மூன்று இடங்களையும் விட்டு விலகாமல் பத்து முறை குனிந்து நிமிர முடியாதவரிடம் கைப்பிடியைக் கொடுக்கக் கூடாது என்பது நான் வைத்திருக்கும் விதி.

பிறகு இருக்கை. கால்பட்டை விரல்களின் மீது அல்லாமல், பாதத்தின் அகன்ற பகுதியின் மீது விழ வேண்டும். தொடையின் பின்தசை இறுகியவர்களுக்கும் தொப்பை இருப்பவர்களுக்கும் கால்தட்டைத் தாழ்த்திவையுங்கள். முன்னால் வருவதையும் பாதித் தூரத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். முழங்காலைக் கணுக்காலுக்கு நேர் மேலே கொண்டுவந்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, முதுகு வளையத் தொடங்கும் இடமே அவருடைய எல்லை. இழுக்கும்போது கால், உடல், கை. திரும்பும்போது கை, உடல், கால். இந்த வரிசையை வாயால் சொன்னால் யாருக்கும் ஏறாது. முதலில் காலை நீட்டியபடியே கையால் மட்டும் பத்து இழுப்பு, அடுத்து கையோடு உடலும் சேர்ந்து பத்து, பின்னர் பாதி முழங்கால் மடிப்போடு பத்து என்று பின்னிருந்து முன்னாகக் கட்டிக்கொண்டு வந்தால் உடம்பே பிடித்துக்கொள்ளும். பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது உடலைக் கடிகார முள்ளாக நினைத்தால், முன்னால் சாயும்போது ஒரு மணி, பின்னால் சாயும்போது பதினொரு மணி. அதற்குமேல் இரு பக்கமும் வேண்டாம். திரும்பி வரும் நேரம் இழுக்கும் நேரத்தைப்போல் இரு மடங்காவது இருக்கட்டும். புதியவருக்கு நிமிடத்துக்கு 18 முதல் 22 இழுப்பு தாராளம்.

சரியாக நடக்கிறதா என்று கண்டுபிடிக்க நீங்கள் குந்தி உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை. வரிசை சரியாக இருந்தால் சங்கிலி ஒரே மட்டத்தில் போய்வரும். தப்பினால் கைப்பிடி முழங்காலைத் தாண்டக் குதிக்கும், சங்கிலி சத்தம் போடும். அடுத்த மூலையில் வேறொருவருக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கும்போதே காதால் கேட்டுத் திருத்தலாம்.

அந்த நெம்புகோலைப் பற்றி ஒரு வார்த்தை. பளுதூக்கும் தட்டுகளைப்போல 10 என்றால் கனம், 1 என்றால் இலேசு என்று நம் கூடங்களில் ஒரு நம்பிக்கை நிலவுகிறது. அது விசிறிக்கூட்டுக்குள் எவ்வளவு காற்று நுழையலாம் என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. காற்று அதிகம் நுழைந்தால் இரண்டு இழுப்புகளுக்கு நடுவே சக்கரம் வேகமாகத் தளர்ந்துவிடும். அடுத்த இழுப்பில், அதாவது முதுகு முன்னால் சாய்ந்து மிகவும் பலவீனமாக இருக்கும் நொடியில், அந்தத் தளர்ந்த சக்கரத்தை மறுபடியும் கிளப்ப வேண்டியிருக்கும். சேற்றில் சைக்கிளை முதல் மிதி மிதிப்பதுபோன்றது அது. உழைப்பின் அளவை முடிவுசெய்வது நெம்புகோல் அல்ல, நாம் உதைக்கும் வேகம். 1981-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் சைக்கிள் சக்கரத்தை வைத்துத் தங்கள் முதல் எர்கோமீட்டரைச் செய்து விற்ற கான்செப்ட்2 நிறுவனத்தாரே, பெரும்பாலோருக்கு 3 முதல் 5 வரை போதும் என்று சொல்கிறார்கள்.

இதையெல்லாம் அறிவுரையாகச் சொல்லிவிட்டு நழுவிவிட எனக்கு மனமில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், முதுகைப் பற்றிப் படித்தவன் என்ற திமிரோடு, கல்லூரி மாணவர் ஒருவருடன் பந்தயம் கட்டி 2000 மீட்டர் இழுத்தேன். நெம்புகோல் 10. முதல் 1200 மீட்டர் வரை பாடப்புத்தகத்தில் இருக்கும் படம்போலத்தான் இழுத்திருப்பேன் என்று நினைக்கிறேன். கால் ஓய்ந்த பிறகு முதுகால் இழுத்தேன், தெரிந்தேதான் இழுத்தேன், ஏனென்றால் பக்கத்துத் திரையில் அவன் ஆறு மீட்டர் முன்னால் இருந்தான். மறுநாள் காலை செருப்பின் வாரை மாட்டக் குனிய முடியவில்லை. ஒன்பது நாள் என் மனைவிதான் மாட்டிவிட்டார்.

என் அனுபவத்தில் வியப்பு ஒன்றுமில்லை. ஒரு மணி நேரம் தொடர்ந்து எர்கோமீட்டர் இழுக்கவைத்துக் கவனித்தபோது, நேரம் ஆக ஆகக் கீழ்முதுகின் அசைவு கூடிக்கொண்டே போனதை லண்டன் ஆய்வாளர்கள் 2003-இல் பதிவுசெய்தார்கள். அயர்லாந்தின் சர்வதேசத் துடுப்பாளர்களை ஓராண்டு பின்தொடர்ந்து 2010-இல் வெளியான ஆய்வில், மிக அதிகமாகக் காயப்பட்ட இடம் கீழ்முதுகுதான். அந்தக் காயங்களோடு தொடர்புடையதாகத் தெரிந்தது அவர்கள் எர்கோமீட்டரில் செலவிட்ட நேரம். ஆகவே இரண்டாம் நிமிடத்தில் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போகாதீர்கள். கடைசி நிமிடத்தில் வந்து பாருங்கள். புதியவரை இருபது நிமிடம் ஒரே மூச்சில் இழுக்கவைப்பதைவிட, நான்கு நிமிடம் இழுத்து, எழுந்து நடந்து, மறுபடி நான்கு நிமிடம் இழுக்கவைப்பது மேல். சுவரில் வெள்ளைப் பலகை மாட்டி 2000 மீட்டர் சாதனைப் பட்டியல் எழுதுகிற வழக்கத்தையும் தயவுசெய்து மறுபரிசீலனை செய்யுங்கள். அதில் பெயர் ஏற வேண்டுமென்று முதுகைக் கொடுக்கிறவர்கள் என்னைப்போல் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இவ்வளவும் படித்துவிட்டு, முதுகுவலி என்று வாயைத் திறக்கிற எவரையும் அந்த இயந்திரத்தின் பக்கமே விடக் கூடாது என்று முடிவுசெய்துவிடாதீர்கள். அதுவும் நடக்கிறது. "எல் 4 - எல் 5 பல்ஜ்" (கீழ்முதுகின் நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கியிருக்கிறது) என்று எழுதிய எம்.ஆர்.ஐ. அறிக்கையோடு வருகிறவரை வாழ்நாள் முழுதும் சைக்கிளில் மட்டும் உட்காரவைக்கிறார்கள். முதுகுவலியே இல்லாதவர்களின் படங்களைத் தொகுத்து 2015-இல் வெளியான மதிப்பாய்வில், இருபது வயதினரில் 30 விழுக்காட்டினருக்கும், எண்பது வயதினரில் 84 விழுக்காட்டினருக்கும் இதே பல்ஜ் இருந்தது. படம் நோயாளி அல்ல. இடைவட்டுக்கு நேரடி இரத்த ஓட்டம் கிடையாது, அசைவால் உண்டாகும் நீர்மப் பரிமாற்றம் அதற்கு வேண்டும். துடுப்புப் பயிற்சியில் ஓடும்போது ஏற்படும் அதிர்ச்சி இல்லை. கால், புட்டம், முதுகு ஆகிய பெரிய தசைகள் அனைத்தும் ஒரே இழுப்பில் வேலை செய்கின்றன. முழங்கால் தேய்ந்து நடக்கச் சிரமப்படுகிற எத்தனையோ பேருக்கு மூச்சு வாங்க உழைக்க இதைப்போல் வசதியான வழி குறைவு. வலி அடங்கியவர்களை நானே நெம்புகோல் 3-இல் இரண்டு நிமிடத்தில் தொடங்கி இதற்குத் திருப்பியிருக்கிறேன்.

யாரை அனுப்பக் கூடாது என்பதும் தெளிவாக இருக்கட்டும். வலி புட்டத்தைக் கடந்து முழங்காலுக்குக் கீழே இறங்குகிறவர், காலில் மரத்துப்போதலோ பலக்குறைவோ இருப்பவர், எலும்பு மெலிந்து முள்ளெலும்பு முறிந்த வரலாறு உள்ளவர், காய்ச்சலோடும் காரணமில்லாத எடைக்குறைவோடும் முதுகு நோகிறவர் ஆகியோர் முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டு வரட்டும். சிறுநீர் மலம் அடக்க முடியவில்லை, உட்காரும் இடம் மரத்துப்போயிருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அன்றே, அந்த மணியே, மருத்துவமனைக்கு அனுப்புங்கள். இதைக் கேட்பதற்குக் கூச்சமாக இருக்கும் என்று பயிற்றுநர்கள் சொல்கிறார்கள். சேர்க்கைப் படிவத்தில் அச்சிட்டுவிட்டால் கூச்சம் இல்லை.

கடைசியாக ஒன்று, என் பார்வையில் இதுதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கடினமானது. துடுப்பு வலித்தல் என்பது தமிழின் பழைய வழக்கு; இழுப்பதையும் நோவதையும் நாம் ஒரே சொல்லால் சொல்கிறோம், பலத்தையும் அதே சொல்லால்தான் சொல்கிறோம். கூடங்களில் இந்த மூன்றும் குழம்பிக் கிடக்கின்றன. வலித்தால்தான் வளரும் என்று சுவரில் எழுதிவைத்திருக்கும் இடத்தில் ஒருவர் எப்படித் தன் முதுகு நோகிறது என்று சொல்லுவார்? உயர்நிலைத் துடுப்பாளர்களின் முதுகுவலியைப் பற்றிப் பல நாட்டு வல்லுநர்கள் கூடி 2021-இல் வெளியிட்ட ஒருமித்த அறிக்கையில், வலியை வெளியே சொல்லத் தயங்காத சூழல் வேண்டும் என்பதை வற்புறுத்தியிருக்கிறார்கள். பதக்கத்துக்காக இழுக்கிறவர்களுக்கே அது வேண்டும் என்றால், சர்க்கரை குறைய வேண்டும் என்று வந்திருக்கும் நம் ஆட்களுக்கு எவ்வளவு வேண்டும்! தொடையும் நுரையீரலும் எரிவது பயிற்சி; கீழ்முதுகில் ஓர் இடத்தைச் சுட்டிக் காட்டும்படி குத்துவது பயிற்சி அல்ல என்ற வேறுபாட்டை முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொன்னவரை அன்றைக்குக் கேலி செய்யாமல் நிறுத்தச் சொல்லுங்கள்.

இயந்திரத்துக்கு எதிரே சுவரில் ஒட்ட ஓர் அட்டை தயாரித்திருக்கிறேன். தமிழில், பெரிய எழுத்தில்: நெம்புகோல் 3 முதல் 5; இழுக்கும்போது கால், உடல், கை; திரும்பும்போது கை, உடல், கால்; சங்கிலி சத்தம் போட்டால் நிறுத்து. வேண்டுகிற கூடத்துக்குக் கட்டணமின்றித் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எனக்கு நேரம் உண்டு. உங்கள் பயிற்றுநர்கள் நான்கைந்து பேரைக் கூட்டிவையுங்கள், கம்பை நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். பத்து நிமிடம் எப்படிப் போதும் என்று சந்தேகப்படுகிறவர்கள், மேலே சொன்ன அந்த அம்மாவைக் கேட்கலாம். அவருக்குக் கற்றுக்கொடுக்கப் பதினான்கு நிமிடம் ஆயிற்று. அதில் நான்கு நிமிடம், கால்பட்டையில் சிக்கிக்கொண்ட சுடிதாரின் கால்முனையை விடுவிப்பதிலேயே போய்விட்டது.

இங்ஙனம்,
சென்னையிலிருந்து ஓர் இயன்முறைச் சிகிச்சையாளன்